பனிநிலத்துச் சுவரும் பாகூர்க் கூரையும்

1984 ஜனவரி 26 அன்று, அண்டார்டிகாவில் இந்தியா எழுப்பிய முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியில் குடியரசு நாள் கொண்டாடப்பட்டது. இந்தியாவின் மூன்றாவது அண்டார்டிகப் பயணத்தில் சென்ற 81 பேர், ராணுவத்தின் துணையோடு, எட்டே வாரத்தில் அதைக் கட்டி முடித்திருந்தார்கள். அங்குள்ள கோடை முடிந்து கடல் உறைவதற்குள் கப்பல் திரும்பியாக வேண்டும் என்பதால் அத்தனை அவசரம். நிலையத்துக்குள் மின்சாரம் இருந்தது, சூடு இருந்தது, குளிர்காலம் முழுக்க ஆட்கள் தங்கினார்கள். ஆனாலும் 1990 பிப்ரவரியில் அதை மூட வேண்டியதாயிற்று. ஆறு ஆண்டுகளில் பனி அந்தக் கட்டடத்தைப் பாதிக்குமேல் விழுங்கிவிட்டது.

துருவப் பகுதியில் காற்று தரையை ஒட்டிப் பனித்தூளை வாரிக்கொண்டு ஓடும். குறுக்கே ஒரு கட்டடம் நின்றால் அதன் மறைவில் வேகம் குறைகிறது; குறைந்த இடத்தில், சுமந்து வந்த தூள் இறங்கிவிடுகிறது. நம் ஊரில் மழைநீர் தேங்கினால் நாலு நாளில் வடியும். அங்கே விழுந்த பனி போவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மேடு உயர்ந்து, கதவு அடைபட்டு, கூரை மேல் பாரம் ஏறிக்கொண்டே இருக்கும். பிரிட்டிஷார் 1956 முதல் ஹாலி என்ற பெயரில் அடுத்தடுத்துக் கட்டிய முதல் நான்கு நிலையங்களும் இப்படியே புதைந்து கைவிடப்பட்டன. ஐந்தாவதை உயர்த்தக்கூடிய இரும்புக் கால்கள்மேல் நிறுத்தினார்கள். ஆறாவதற்குக் கால்களின் அடியில் பனிச்சறுக்குப் பலகைகளையும் பொருத்தினார்கள். பனித்தட்டில் விரிசல் நெருங்கியபோது, 2016-17 பருவத்தில், அந்த நிலையத்தையே 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துக்கொண்டு போக முடிந்தது.

இந்தியாவும் பாடம் கற்றது. 1989இல் செயல்படத் தொடங்கிய மைத்ரி, பனித்தட்டை விட்டு ஷிர்மாக்கர் பாறைவெளிக்கு நகர்ந்தது, தூண்கள்மேல் நின்றது. 2012 மார்ச்சில் லார்ஸ்மன் குன்றுகளில் திறக்கப்பட்ட பாரதியோ இந்தச் சிந்தனையின் முதிர்ந்த வடிவம். ஹாம்பர்க் நகரத்துக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அதன் உடல், 134 கப்பல் கண்டெய்னர்களால் ஆனது. சரக்குப் பெட்டியாகக் கப்பலில் ஏறியது, கரை இறங்கியதும் படுக்கையறையாகவும் ஆய்வுக்கூடமாகவும் கிடங்காகவும் ஜெனரேட்டர் அறையாகவும் அடுக்கப்பட்டது. மரமும் மண்ணும் கிடைக்காத, ஆண்டில் சில வாரமே வேலை செய்யக்கூடிய இடத்தில் இதைவிடச் சிக்கனமான கட்டுமுறையை எண்ணிப்பார்ப்பது கடினம். அடுக்கி முடித்த பெட்டிகள் அனைத்தையும் சுற்றி வெளியே ஒரு தடித்த வெப்பக்காப்புப் போர்வை. அதன் விளிம்புகள் காற்றுக்கு ஏற்றபடி சாய்ந்தவை. கட்டடத்தின் வயிறு தரையைத் தொடாது. அடியில் விட்ட இடைவெளியில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுத்து, அங்கே சேரவிருக்கும் பனியைத் தானே பெருக்கித் தள்ளிவிடுகிறது. ஜெனரேட்டர் வெளிவிடும் வெப்பமே அறைகளைச் சூடாக்குகிறது.

கடலோர வெக்கையில் வாழும் நமக்கு, குறிப்பாகப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழ்கிறவர்களுக்கு, இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். மார்கழி விடியலில் 20 டிகிரியைத் தொட்டாலே துண்டைத் தலையில் சுற்றிக்கொள்கிற ஊர் நம்முடையது. ஆனால் கடுங்குளிரில் மனிதன் குடியிருக்கக் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றும், வெப்பம் எந்த வழியாக வருகிறது, எதில் தங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்ற கேள்விக்கான விடைதான். பிழைத்தால் விடை சரி, இல்லாவிட்டால் தவறு என்ற கடுமையான நிபந்தனையில் கிடைத்த விடைகள் அவை. கடந்த ஒரு தலைமுறைக் காலத்தில் கீற்றுக்கூரையிலிருந்து கான்கிரீட் தளத்துக்கு மாறிய நம் கிராமங்கள், அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே மாறிவிட்டன. லடாக்கின் தெற்குச் சுவரில் வரமாக இருக்கும், வெயிலைச் சேமித்துவைக்கும் கனத்தை, அது சாபமாகிற இடத்தில், தலைக்கு மேலேயே போட்டுக்கொண்டோம் என்பது என் கருத்து. அதை விளக்க முதலில் பனிநிலத்துக்குள் இன்னும் சற்று தூரம் போக வேண்டும்.

பாகூரில் கட்டுகிற பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை, பத்தடி உயரத்தோடு, அப்படியே மைனஸ் 30 டிகிரி குளிரில் கொண்டுபோய் வைத்ததாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். மேலே 12 செ.மீ. கான்கிரீட் தளம், உள்ளே 18 டிகிரி வேண்டும். சுவர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 வாட் வெப்பத்தை வெளியே கசியவிடும். இஸ்திரிப் பெட்டி ஒன்று ஓயாமல் எரிவதற்குச் சமம் அது. தளம் மட்டும் அதைப்போல் இரண்டு மடங்கு. நான்கு சுவரும் தளமும் சேர்ந்து 6,000 வாட். ஜன்னலும் கதவும் தரையும் கணக்கில் சேராமலே. இதே அறையை 20 செ.மீ. பாலியூரித்தேன் நுரையால், அதாவது குளிர்பதனக் கிடங்குகளில் நாம் பார்க்கிற பஃப் பேனல் வகையறாவால், சுற்றி மூடினால் மொத்த இழப்பு 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறது. ஆக, அந்த அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்தால் அடுப்பே வேண்டாம் என்றாகிறது. சுவருக்குள் சிறைப்பட்ட, அசையாத காற்றுதான் இவ்வளவையும் செய்கிறது. நுரைக்கும் வைக்கோலுக்கும் கம்பளிக்கும் பறவை இறகுக்கும் வேலை ஒன்றே: காற்றை நகரவிடாமல் பிடித்துவைப்பது.

அடுத்த வரியைப் போட்டதும் கணக்கு தலைகீழானது. அந்த மூன்று பேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் என்று வைத்தால், உள்ளே வரும் மைனஸ் 30 டிகிரிக் காற்றைச் சூடாக்க மட்டும் ஏறத்தாழ 1,800 வாட் தேவை. சுவரும் கூரையும் சேர்ந்து இழப்பதைப்போல் ஆறு ஏழு மடங்கு! கட்டடத்தை எவ்வளவு நன்றாகப் போர்த்துகிறோமோ அவ்வளவுக்கு மூச்சுக்காற்றின் செலவு முன்னால் வந்து நிற்கிறது. அதனால்தான் இன்றைய குளிர்நாட்டு வீடுகளிலும் துருவ நிலையங்களிலும் வெளியேறும் சூடான காற்றையும் உள்ளே வரும் குளிர்ந்த காற்றையும் மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடவிட்டு, முன்னதன் வெப்பத்தைப் பின்னதற்கு மாற்றுகிறார்கள். நல்ல கருவி ஐந்தில் நான்கு பங்கு வெப்பத்தை மீட்டுவிடும்.

இந்தக் கருவிகளெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, காற்றை அடக்குவதுதான் முதல் வேலை என்பதை ஆர்க்டிக் மக்கள் அறிந்திருந்தார்கள். இன்யூட்டுகளின் பனிவீட்டில் நுழைவாயில் தாழ்வான சுரங்கம்; படுக்கும் மேடை அதைவிட உயரம். கனத்த குளிர்காற்று கீழேயே தங்க, உடலும் விளக்கும் விடும் வெப்பம் மேடை உயரத்தில் நிற்கும். சுவரோ பனிக்கட்டி அல்ல, காற்று நிறைந்த இறுகிய பனி. கான்கிரீட்டைவிடப் பல மடங்கு மெதுவாகவே அது வெப்பத்தைக் கடத்தும். நம் நீலகிரியிலும் இதன் உறவு உண்டு. தோடர் குடியிருப்புகளான மந்துகளில் அரைப்பீப்பாய் வடிவில் மூங்கிலும் பிரம்பும் வளைத்துப் புல் வேய்ந்த குடில்களின் வாசல் ஒரு கஜ உயரமே இருக்கும். தவழ்ந்துதான் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. உறைபனி விழும் ஊட்டியின் ஜனவரி இரவில், சூடான காற்று வாசல் மட்டத்துக்கு மேலே சிறைப்பட்டிருக்கும். சரிந்த வளைவில் நீலகிரி மழையும் நிற்காது. தமிழ்நாட்டு எல்லைக்குள் குளிருக்கென்றே உருவான கட்டடக்கலை என்று சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

காற்றுக்கு அடுத்தது ஈரம். என்னைக் கேட்டால், குளிர்நாட்டுக் கட்டடங்களை அதிகம் கெடுப்பது இதுதான். மூச்சும் வியர்வையுமாக ஒருவர் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு நீராவியை அறைக்குள் விடுகிறார். சமையல், குளியல், துணி உலர்த்தல் தனி. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 20 டிகிரியில் தாங்குவது ஒரே ஒரு கிராம். உள்ளிருக்கும் ஈரம் சுவருக்குள் புகுந்து வெளிப்புறம் நோக்கி நகர நகர, எங்கோ ஓரிடத்தில் குளிர்ந்து நீராகிறது. இன்னும் தள்ளிப் போனால் உறைகிறது. காப்புப் பஞ்சு நனைந்தால் அதன் காற்றறைகளில் தண்ணீர் ஏறிவிடும், பிறகு அது காப்பு ஆகாது. மரச்சட்டம் அழுகும். வசந்தத்தில் உருகிச் சுவரில் வழியும். 1930களில் அமெரிக்காவில் மர வீடுகளின் சுவர்களுக்குள் புதிதாகப் பஞ்சுக்காப்பு வைக்கத் தொடங்கியபோது வெளிப்பூச்சுப் பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. பெயிண்டர்கள் காப்பைக் குறை சொன்னார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிராங்க் ரௌலி போன்றவர்கள் ஆராய்ந்து, வீட்டுக்குள்ளிருந்து வரும் நீராவிதான் காரணம் என்று காட்டினார்கள். காப்பின் உட்புறத்தில், சூடான பக்கத்தில், நீராவி புகாத படலம் ஒன்று வைக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியது.

ஓதம் ஏறிய சுவரோடு ஆயுள் முழுக்கப் போராடும் நமக்கு இது புதிய கதையாகப் படாது. ஆனால் திசை மாறிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரியில் 30 டிகிரிக் கடற்காற்று கன மீட்டருக்கு 30 கிராம் வரை நீராவி தாங்கக்கூடியது. ஏ.சி. போட்ட அறை உள்ளே குளிர்ந்திருக்க, ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வருகிறது. லடாக்கின் லே நகரில் உட்புறம் வைக்க வேண்டிய படலத்தை வில்லியனூரில் வெளிப்புறம் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் சுவருக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பூப்பதைப் பார்த்து மறுபடி மறுபடி பெயிண்ட் அடிப்பவர்கள், ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

குளிரிடத்தில் இன்னொரு முரண் உண்டு. வெளிக்காற்றில் ஈரமே இல்லாததால், அதை உள்ளே கொண்டுவந்து சூடாக்கினால் பாலைவனத்தைவிட வறண்ட காற்று கிடைக்கிறது. மரமும் துணியும் காய்ந்து கிடக்கும், வெளியே புயல், தண்ணீரோ உறைந்திருக்கும். ஆகவே துருவ நிலையங்களில் எல்லோரும் முதலில் அஞ்சுவது தீக்கு. 1982 ஏப்ரலில், குளிர்காலம் தொடங்கும் வேளையில், சோவியத் ரஷ்யாவின் வஸ்தோக் நிலையத்தில் மின்நிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது அதே இடத்தில்தான். தீக்குத் தப்பிய 20 பேர் கைக்குக் கிடைத்த பொருட்களில் அடுப்பு செய்து உயிர் பிழைத்தார்கள். 2012 பிப்ரவரி 25 அன்று பிரேசிலின் கமாண்டன்ட் ஃபெராஸ் நிலையம் எரிந்தபோது இருவர் மாண்டனர். பிரதான கட்டடம் போனாலும் தங்குவதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு கூடாரமும் உணவும் எரிபொருளும் எப்போதும் இருக்க வேண்டும் என்ற விதி இத்தகைய சாவுகளால் எழுதப்பட்டது.

தீ எரிந்து கொல்வது ஒரு வகை. எரியாமல் கொல்வது மற்றொரு வகை. காற்றுப் புகாமல் அடைத்த அறையில் கரியோ மண்ணெண்ணெயோ அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இமயத்தின் ராணுவ முகாம்களில் நெடுங்காலமாகப் புழங்கும் புகாரி அடுப்பு இந்த ஆபத்தைச் சுமந்தே வந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் ஒன்று ‘ஹிம் தாபக்’ என்ற மாற்று அடுப்பை உருவாக்கியதே இந்தச் சாவுகளைக் குறைக்கத்தான்.

இமயத்தைப் பேசும்போது 2016 பிப்ரவரி 3ஐக் கடந்து போக முடியாது. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்முனைமேல் பெரும் பனிச்சுவர் சரிந்தது. அங்கிருந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள், நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாள் கழித்து, 25 அடிக்கு மேல் பனியை வெட்டி இறங்கியபோது லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடிருந்தார். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார். சுவரின் தடிமனையும் அடுப்பின் திறனையும் எவ்வளவு கூட்டினாலும், கட்டடம் நிற்கும் இடம் தவறானால் ஒன்றும் செய்வதற்கில்லை. பனி எங்கிருந்து சரியும், காற்று எங்கே பனியைக் கொட்டும், தரை உறைந்த மண்ணா பாறையா என்று பார்ப்பதே குளிரிட வடிவமைப்பின் முதல் வேலை. சியாச்சினில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது எல்லைக்கோடு. கட்டடக் கலைஞர் அல்ல. அங்கே காவல் காக்கும் பிள்ளைகள் அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

ஆனால் அதே லடாக்கில் மக்கள் நூற்றாண்டுகளாக நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் ஆண்டு மழை 100 மி.மீ. அளவே. குளிர்கால இரவுகள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். விறகு மிக அரிது. அவர்களிடம் இருப்பது மண், பாப்லர் உத்தரம், வில்லோக் குச்சி, சாணம், அப்புறம் ஆண்டு முழுக்கத் தெளிந்த வெயில். பழைய வீட்டின் கீழ்த்தளம் ஆடுமாடுகளுக்கு. அவற்றின் உடற்சூடு மேலே ஏறும். மேல்தளத்தின் நடுவில் குளிர்காலச் சமையலறை, மற்ற அறைகள் அதைச் சுற்றி. மூன்று நான்கு மாதம் குடும்பம் முழுவதும் அந்த ஒரே அறைக்குள் ஒடுங்கிவிடும். வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதது அவர்களுடைய பெரிய சிக்கனம். தட்டைக் கூரையின் விளிம்பில் தீவனப் புல்லையும் விறகையும் அடுக்குவார்கள். சேமிப்புக்குச் சேமிப்பு, காப்புக்குக் காப்பு.

வடக்கே 34 டிகிரி அட்சரேகையில் இருக்கும் லேயில், டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 32 டிகிரி உயரமே ஏறும். அப்படித் தாழ்ந்து வரும் வெயில் கூரையில் சாய்வாக வழுக்கிப்போகிறது. தெற்குச் சுவரில் நேராக அறைகிறது. அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பதுதான் பிரான்சில் பெலிக்ஸ் துரோம்ப் 1960களில் பிரபலமாக்கிய சுவரின் சாரம். தெற்கே ஒன்றரை அடி அளவுக்குத் தடித்த மண் அல்லது கல் சுவர். வெளிமுகத்தில் கறுப்புப் பூச்சு. சில அங்குல இடைவெளி விட்டு அதன் முன்னால் கண்ணாடி. கண்ணாடி வழியே புகுந்த வெயிலைக் கறுப்பு விழுங்குகிறது. சுவர் மெதுவாகச் சூடேறுகிறது. அந்தச் சூடு அறைப்பக்கம் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். காலை பத்து மணி வெயில் இரவுச் சாப்பாட்டு வேளையில் அறைக்குள் நுழைகிறது. சூரியன் போன பிறகு சூரியனைக் கொடுப்பதால், தாமதமே இங்கே பயனாகிறது.

1980களிலிருந்து தன்னார்வ நிறுவனங்கள் இந்தச் சுவரை லடாக் கிராமங்களுக்குக் கொண்டுபோயின. பின்னர் பிரான்சின் ஜெரஸ் அமைப்பு வீடு வீடாக வெயில்காப்பு முறையைப் பரப்பியது. ஷே கிராமத்து ட்ரக் வெண்தாமரைப் பள்ளியும் இதே சுவர்களோடு எழுந்தது. சோனம் வாங்சுக்கும் தோழர்களும் 1988இல் தொடங்கிய செக்மோல் கல்வி அமைப்பின் பே கிராம வளாகம், இடித்துக் கெட்டிப்படுத்திய மண் சுவர்களாலானது. தெற்கு முகத்தில் குளிர்காலத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்கூடம் ஒட்டிக்கொள்ளும், கோடையில் அதைச் சுருட்டிவிடுவார்கள். மண் கட்டடங்களுக்கான டெர்ரா விருது 2016இல் அதற்குக் கிடைத்தது. 2021 பிப்ரவரியில் வாங்சுக் கல்வான் பள்ளத்தாக்கு வீரர்களுக்காகப் பத்துப் பேர் தங்கும் வெயில்சூட்டுக் கூடாரம் ஒன்றைக் காட்டினார். பாகம் ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குள். வெளியே மைனஸ் 14 இருந்தபோது இரவு பத்து மணிக்கு உள்ளே 15 டிகிரி என்று அவர் பதிவிட்டார். மண்ணெண்ணெயை லாரி லாரியாக மலையேற்றும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

வருத்தம் என்னவென்றால், லேயின் புதிய தெருக்களில் இப்போது காப்பு ஏதுமில்லாத சிமென்ட் வீடுகள் பெருகுகின்றன. 2010 ஆகஸ்டில் கொட்டிய பேய்மழையில் மண் வீடுகள் கரைந்து விழுந்ததைக் கண்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு நல்ல அடித்தளமும் அகலமான கூரைவிளிம்பும் பதில் சொல்லியிருக்கும். சிமென்ட் வீட்டில் அவர்கள் குளிரில் நடுங்குகிறார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். புதுச்சேரி ஏறத்தாழ 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் கொஞ்சம் வடக்கே போகும், அவ்வளவுதான். லடாக்கில் தெற்குச் சுவர் வாங்குகிற வெயிலை இங்கே கூரை வாங்குகிறது. அந்தக் கூரையாக நாம் போட்டிருப்பது, வெயிலைக் குடித்துச் சில மணி நேரம் வைத்திருந்து உள்ளே விடுகிற கறுத்த கான்கிரீட். நான்கரை ஐந்து அங்குலத் தளத்தில் வெப்பம் கடக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மதியம் இரண்டு மணி உச்ச வெயில், மாலை ஐந்து ஆறு மணிக்கு அடிப்பக்கத்தில் வந்து நிற்கிறது. சித்திரை மாதத்து இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும்: காய்ச்சல்காரர் நெற்றியைவிடச் சூடாக இருக்கும். கீழே மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் ஆள்மேல் இறைக்கிறது. துரோம்ப் சுவரைப் படுக்கப்போட்டு, கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு, அதன் கீழே நாம் தூங்குகிறோம். வயல்வேலை முடித்து வந்தவர்கள், கைக்குழந்தைகள், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை. உடலைக் கரைக்கிற தொல்லை.

கீற்றுக்கூரையில் இந்தச் சிக்கல் கிடையாது. எடை இல்லாததால் வெப்பத்தைச் சேமிக்க முடியாது, ஓலைகளுக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கும், சூரியன் இறங்கியதும் அதுவும் ஆறிவிடும். அதற்காகக் கீற்றுக்குத் திரும்பலாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேய வேண்டும். ஒரு குடிசையில் பிடித்த தீ தெருவையே கொண்டுபோகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் என்ன செய்தது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காமராஜர் கல்வீடு கட்டும் திட்டம் குடிசைகளை மாற்றியதில் மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும் மரியாதையும் உண்மையானவை. கூரை உறுதியானது, அதோடு இருந்த காப்பு மட்டும் போனது. அதைத் திரும்ப வைக்கலாம்.

எங்கே வைப்பது என்பதற்குக் குளிர்நாட்டு அனுபவம் தெளிவான விடை சொல்கிறது: பாரதி நிலையத்தில் போல, வெளிப்புறம். பலர் தளத்துக்குக் கீழே பால்ஸ் சீலிங் போடுகிறார்கள். அது ஓரளவு உதவும், ஆனால் தளம் அதற்குள் சூடேறி முடிந்துவிட்டது. தளத்தின் மேலே இரண்டு அங்குலக் கெட்டித் தெர்மாகோல் பலகை பதித்து, அதன்மேல் தட்டோடோ சுண்ணாம்புத் தளமோ போட்டு, வெள்ளையடித்தால் வெயில் கான்கிரீட்டைத் தொடவே வழியில்லை. மண்பானைகளைத் தளத்தின்மேல் நெருக்கமாகக் கவிழ்த்து, இடையிலும் மேலும் சுண்ணாம்புக் கலவை போட்டு மூடுவது தமிழ்நாட்டில் கையாளப்பட்ட பழைய முறை. ஒவ்வொரு பானைக்குள்ளும் அசையாத காற்று. சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில், சாமி சிலையும் அகலும் செய்கிற கைகளுக்குக் கூரைப் பானை ஒரு நிலையான ஆர்டராகலாம். பாகூர் நெல்வயல்களின் வைக்கோலும் இருக்கிறது. லடாக்கில் சுவருக்குள் வைக்கோலும் மரத்தூளும் திணிக்கிறார்கள். ஆனால் நம் ஈரக்காற்றில் அதைக் கறையானிடமிருந்தும் ஓதத்திலிருந்தும் காப்பாற்றுவது கடினம் என்பதால் நான் பானைக்கே வாக்களிப்பேன்.

விதியும் இருக்கிறது. மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’, குடியிருப்புக் கூரை வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக்கூடாது என்கிறது. நாம் போடுகிற வெறும் தளத்தில் கடப்பது 3.5 வாட்டுக்குக் குறையாது. இரண்டு அங்குலத் தெர்மாகோல் சேர்த்தால் 0.6 அளவுக்கு இறங்கும். ஆனால் அந்த விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று எழுதப்பட்டது. வில்லியனூரிலும் பாகூரிலும் அரசு மானியத்தில் கட்டப்படும் வீடுகளின் மனை அதில் ஒரு சிறு பங்கே இருக்கும். மானியத் தவணையை அடித்தளம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகப் பார்த்து விடுவிக்கும் அதிகாரிகள், தளத்தின்மேல் காப்பு போட்டாயிற்றா என்று பார்ப்பதையும் ஒரு கட்டமாகச் சேர்த்து, அதற்கான தொகையையும் மதிப்பீட்டில் வைக்க வேண்டும். அடுத்த சித்திரைக்கு முன் தொடங்கக்கூடிய வேலை இது.